புரோட்டான் சிதைந்ததா? தேடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாக இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் தமிழ் பேசும் தொழிலாளர்கள். அவர்கள் தங்கத்துக்காகத் தோண்டிய ஆழத்தில், தரைக்கு ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் கீழே, 1980-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வேறொரு தேடல் தொடங்கியது. இரும்புத் தகடுகளை அடுக்கி, நடுவே வாயு நிரப்பிய குழாய்களை வைத்து, 140 டன் எடையில் ஒரு கருவி. இந்தியாவின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினரும் ஜப்பானிய இயற்பியலாளர்களும் சேர்ந்து அமைத்தது. கேள்வி ஒன்றுதான்: புரோட்டான் என்றேனும் சிதைகிறதா?

1981-இல் அவர்கள் சில நிகழ்வுகளைக் காட்டி, இவை சிதைவாக இருக்கலாம் என்றார்கள். புரோட்டானின் ஆயுள் 10³¹ ஆண்டுகளை ஒட்டி இருக்கும் என்பது அதன் பொருள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஓர் உப்புச் சுரங்கத்தில் 8,000 டன் தண்ணீரை நிரப்பி இயங்கத் தொடங்கிய ஐஎம்பி கருவி, 1983-இல் தன் முதல் முடிவை வெளியிட்டது. பலரும் எதிர்பார்த்திருந்த சிதைவு வழியில் ஒரு நிகழ்வுகூட இல்லை. பின்னர் வந்த பெரிய கருவிகளும் கோலாரின் நிகழ்வுகளை உறுதிசெய்யவில்லை.

கோலார் குழுவினர் கவனக்குறைவானவர்கள் அல்லர். தாங்கள் கண்டதை "இருக்கலாம்" என்ற சொல்லோடுதான் வெளியிட்டார்கள். இந்தத் துறையில் தவறுவது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தவறுகளில் பாதி ஆய்வுக்கூடத்தில் நடக்கின்றன. மீதி பாதி, அங்கிருந்து வரும் செய்திகளைப் படிக்கும் நம்மிடம்.

புரோட்டான் சிதைந்தால் பேரியான் எண், லெப்டான் எண் என்ற இரண்டு கணக்குகள் உடையும். முதலில் அவை எப்படி என்று பார்த்துவிடுவோம். புரோட்டானுக்குள் இருக்கும் நுண்துகளான ஒவ்வொரு குவார்க்குக்கும் பேரியான் எண் மூன்றில் ஒரு பங்கு. மூன்று குவார்க்குகள் சேர்ந்த புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் அது 1. அவற்றின் எதிர்த்துகள்களுக்கு −1. எலக்ட்ரான், அதன் கனமான உறவினர்களான மியூயான், டௌ, இவற்றுக்குரிய மின்னூட்டமற்ற நியூட்ரினோக்கள் ஆகியவற்றுக்கு லெப்டான் எண் 1, எதிர்த்துகள்களுக்கு −1. இதுவரை நேரடியாகக் கண்ட எந்த வினையிலும் முன்னும் பின்னும் இந்தக் கூட்டல் மாறியதில்லை.

விதியும் வழக்கமும் ஒன்றல்ல

மாறியதில்லை என்பதிலிருந்து மாறவே முடியாது என்ற முடிவுக்குத் தாவுவது பாடநூல்கள் பழக்கிவிட்ட தவறு. மின்னூட்டம் மாறாதது என்ற வரிக்கு அடுத்த வரியிலேயே பேரியான் எண்ணும் மாறாதது என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே தரம் அல்ல. மின்னூட்டத்தின் பின்னால் மின்காந்த விசை நிற்கிறது. மின்னூட்டம் காணாமல் போனால் அந்தக் கோட்பாடே குலைந்துபோகும். பேரியான் எண்ணைக் காக்க அப்படி ஒரு விசை எதுவும் தென்படவில்லை. அறிந்த துகள்களையும் விசைகளையும் விளக்கும் திட்டக் கோட்பாட்டை (ஸ்டாண்டர்ட் மாடல்) எழுதிமுடித்த பிறகு பார்த்தால், பேரியான் எண்ணும் லெப்டான் எண்ணும் தற்செயலாக மாறாமல் நிற்கின்றன. யாரும் அவற்றை விதியாக வைத்து எழுதவில்லை.

அந்தத் திட்டக் கோட்பாட்டுக்குள்ளும் அவை முழுக்க மாறாதவை அல்ல. 1976-இல் டச்சு இயற்பியலாளர் ஜெரார்ட் டூஃப்ட், மின்காந்த விசையும் கதிரியக்கத்துக்குக் காரணமான வலுக்குறை விசையும் இணைந்த மின்வலுக்குறை விசை மிக மிக அரிதாக இரண்டையும் மாற்ற முடியும் என்று காட்டினார். இங்கே இன்னொரு தவறு காத்திருக்கிறது. "அப்படியானால் புரோட்டான் அந்த வழியிலேயே சிதையுமே" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சிதையாது. அந்த வினை பேரியான் எண்ணை மூன்று மூன்றாகத்தான் மாற்றும். தனிப் புரோட்டானிடம் இருப்பது ஒன்றே ஒன்று. மேலும் இன்றைய குளிர்ந்த பேரண்டத்தில் அதன் வாய்ப்பு எண்ணிப் பார்க்கவே தேவையில்லாத அளவுக்குச் சிறியது.

"பேரண்டத்தில் பொருள் இருக்கிறது, எதிர்ப்பொருள் இல்லை, ஆகவே பேரியான் எண் மீறப்பட்டது நிரூபணமாகிவிட்டது" என்பதும் அவசரப் பேச்சு. பொருள் மட்டும் மிஞ்சுவதற்கு 1967-இல் சோவியத் இயற்பியலாளர் ஆந்த்ரேய் சகாரோவ் மூன்று நிபந்தனைகளைச் சொன்னார். அவற்றில் ஒன்றுதான் பேரியான் எண் மீறல். அது வலுவான காரணம். ஆய்வுக்கூடச் சான்று ஆகாது.

10³⁴ ஆண்டு என்ற எண்

"புரோட்டானின் ஆயுள் 10³⁴ ஆண்டுகள்" என்று செய்திகளில் வரும். யாரும் அப்படி அளக்கவில்லை. அளந்தது, ஆயுள் அதற்குக் குறையாது என்பதை மட்டுமே. அதுவும் ஒரு குறிப்பிட்ட வழியில் சிதைவதற்கு. "குறைந்தது" என்ற சொல்லையும் "இந்த வழியில்" என்ற சொற்களையும் விட்டுவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள், அதாவது 10¹⁰-ஐச் சற்றே தாண்டியது. பின் 10³⁴ ஆண்டுகளை எப்படிச் சோதிப்பது? ஒரு புரோட்டானை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் முடியாது. எண்ணற்ற புரோட்டான்களைச் சில ஆண்டுகள் பார்த்தால் முடியும். ஒரு டன் தண்ணீரில் சுமார் 3.3 × 10²⁹ புரோட்டான்கள் உள்ளன. ஜப்பானின் காமியோக்கா சுரங்கத்தில் 50,000 டன் தண்ணீரோடு 1996 முதல் இயங்கும் சூப்பர் காமியோகாண்டேயில், ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் உட்பகுதி பல்லாண்டுகளாக 22,500 டன். பெருக்கினால் 7.5 × 10³³. ஆயுள் 10³⁴ ஆண்டுகள் என்றால், ஆண்டுக்கு முக்கால் புரோட்டான் அங்கே சிதைய வேண்டும்.

இந்தக் கணக்கைக் கையாலேயே இறுதிவரை போட்டுப் பார்க்கலாம். செய்தித்தாளில் வரும் எண்ணை நம் தாளில் வரவைப்பதில் தனி இன்பம் இருக்கிறது. 2020-இல் சூப்பர் காமியோகாண்டே வெளியிட்ட முடிவில் தண்ணீரின் எடையையும் பார்த்த காலத்தையும் பெருக்கிய மதிப்பு 4,50,000 டன்-ஆண்டுகள். புரோட்டான் ஒரு பாசிட்ரானாகவும் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) ஒரு நடுநிலைப் பையானாகவும் (நொடியில் சிதையும் ஒரு துகள்) சிதைவதைத் தேடினார்கள். கிடைத்தது சுழி. சராசரியாக 2.3 நிகழ்வுகள் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வராமல் போவதற்கு வாய்ப்பு பத்தில் ஒன்று. ஆகவே உண்மைச் சராசரி 2.3-ஐத் தாண்டாது என்று 90 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம். 4,50,000-ஐ 3.3 × 10²⁹-ஆல் பெருக்கி, 2.3-ஆல் வகுத்தால் 6 × 10³⁴-க்கும் சற்றுக் கூடுதலாக வரும். அவர்கள் வெளியிட்ட எல்லையோ 2.4 × 10³⁴.

நடுவில் காணாமல் போனது எங்கே? இதை மறப்பதும் ஒரு தவறுதான். நடந்த சிதைவு எல்லாம் கண்ணில் படாது. தண்ணீர் மூலக்கூறில் உள்ள பத்துப் புரோட்டான்களில் எட்டு ஆக்சிஜன் அணுக்கருவுக்குள் இருக்கின்றன. அங்கே பிறக்கும் பையான் வெளியே வருவதற்குள் அந்த அணுக்கருவிலேயே மோதிச் சிதறும், சில வேளை விழுங்கப்படும். எஞ்சிக் கையில் அகப்படுவது பத்தில் நான்கு. ஹைட்ரஜனாக நிற்கும் இரண்டு புரோட்டான்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. பெரிய தொட்டி கட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தில் நான்கையும் கூடவே நினைக்க வேண்டும்.

புரோட்டான் கேயானாகவும் (பையானைவிடக் கனமான துகள்) நியூட்ரினோவாகவும் சிதைந்தால் நிலைமை இன்னும் மோசம். மிக வேகமான துகள்கள் தண்ணீரில் எழுப்பும் செரன்கோவ் ஒளியைக் கொண்டுதான் இந்தக் கருவிகள் பார்க்கின்றன; அந்தக் கேயானின் வேகம் அதற்குப் போதாது. அது இருட்டிலேயே பிறந்து இருட்டிலேயே நின்றுவிடும். பிறகு அது சிதைந்து வெளிவரும் மியூயான் போன்ற துகள்களைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டும். 2025-இல் தரவு எடுக்கத் தொடங்கிய சீனாவின் ஜூனோ கருவி, அளவில் சிறியதாக இருந்தும் இந்த ஒரு வழியில் போட்டியிட முடிவது இதனால்தான். அதன் 20,000 டன் ஒளிர்திரவத்தில் மெதுவாகச் செல்லும் கேயானும் ஒளிரும்.

ஆழம் எல்லாவற்றையும் மறைக்காது

சுரங்கத்துக்குள் போவது அண்டக்கதிர் மியூயான்களிலிருந்து தப்பிக்க. ஆழம் கூடக்கூட அவை குறையும். ஆழமாகப் போனால் பின்புலமே, அதாவது சிதைவைப் போலத் தோன்றும் பிற நிகழ்வுகளே, இல்லாமல் போய்விடும் என்று நினைப்பதுதான் பிழை. அண்டக்கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது பிறக்கும் நியூட்ரினோக்களுக்கு 2.3 கிலோமீட்டர் பாறை ஒரு பொருட்டே அல்ல. பூமியின் மறுபக்கத்திலிருந்தும் வந்து சேரும். அவற்றில் ஒன்று கருவிக்குள் மோதினால், புரோட்டான் சிதைந்தது போன்ற தோற்றத்தைச் சில வேளைகளில் தந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலில் கண்டவற்றுள் ஒன்று கோலார் தங்கவயலேதான். ஆண்டு 1965, அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இன்னொரு குழு கண்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஒருகாலத்தில் கண்டுபிடிப்பாக இருந்ததே அடுத்த தேடலுக்கு இடைஞ்சலாக வந்து நின்றது.

இடைஞ்சலை வடிகட்டி எறிந்தால் போதும் என்பதும் தவறு. அதை அளந்தாக வேண்டும். சூப்பர் காமியோகாண்டேக்கு முன்னோடியான காமியோகாண்டே கருவியின் பெயரில் கடைசி எழுத்துகளே நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) சிதைவுச் சோதனை என்பதைக் குறிக்கத்தான் சேர்க்கப்பட்டன. 1987 பிப்ரவரி 23-இல் அருகிலுள்ள சிறு விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்த விண்மீனின் நியூட்ரினோக்களை அந்தக் கருவி பிடித்தது, ஐஎம்பியும் பிடித்தது. பின்புலத்தைப் பொறுமையாக அளந்த சூப்பர் காமியோகாண்டே 1998-இல் அதற்குள்ளிருந்தே நியூட்ரினோ அலைவை, அதாவது ஒரு வகை நியூட்ரினோ வேறு வகையாக மாறுவதைக் கண்டெடுத்தது. புரோட்டானைத் தேடப் போனவர்களுக்கு இரண்டு நோபல் பரிசுகள் நியூட்ரினோவுக்காகக் கிடைத்தன.

லெப்டான் எண்ணில் வரும் குழப்பங்கள்

நியூட்ரினோ அலைவு என்றதும் "லெப்டான் எண் மீறப்பட்டுவிட்டது" என்று எழுதுபவர்கள் உண்டு. மியூயான் வகை நியூட்ரினோ டௌ வகையாக மாறும்போது, வகைவாரியான எண்கள் உடைகின்றன. மொத்த லெப்டான் எண் அப்படியேதான் இருக்கிறது. ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குக் காசை மாற்றியதைத் திருட்டு என்று சொல்ல மாட்டோம். மியூயான் எலக்ட்ரானாகவும் ஒளித்துகளாகவும் மாறுகிறதா என்று சுவிட்சர்லாந்தில் தேடுகிறார்களே, அதுவும் இந்த வகைதான். எதிர்மின் மியூயான் ஓர் அணுக்கருவில் பாசிட்ரானாக மாறினால் மட்டும் மொத்தக் கணக்கே இரண்டு குறையும்.

மொத்த எண்ணுக்கு உரிய பெரிய சோதனை, நியூட்ரினோ வெளிவராத இரட்டை பீட்டாச் சிதைவு. ஓர் அணுக்கருவில் இரண்டு நியூட்ரான்கள் ஒரே நேரத்தில் புரோட்டான்களாகி, இரண்டு எலக்ட்ரான்கள் மட்டும் வெளிவந்தால், லெப்டான் எண் இரண்டு கூடிவிட்டது. நியூட்ரினோ தனக்குத்தானே எதிர்த்துகளாக இருந்தால் இது நடக்கலாம். எட்டோரே மஜோரானா 1937-இல் முன்வைத்த கருத்து அது.

இங்கேதான் ஆசை கண்ணை மறைத்த கதையும் நடந்தது. இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில் ஜெர்மானியம்-76 கொண்டு நடந்த ஹைடல்பெர்க்–மாஸ்கோ சோதனையின் தரவில், 2001-இல் அந்தக் குழுவின் ஒரு பகுதியினர் மட்டும் இந்தச் சிதைவைக் கண்டதாக அறிவித்தார்கள். சிதைவின் அடையாளம் 2039 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் எழும் ஒரு சிறு முகடு. அருகிலேயே பிஸ்மத்-214 உமிழும் சிறு முகடுகளும் இருந்தன. பின்புலத்தைக் கணிக்க எந்த ஆற்றல் பரப்பை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து முகட்டின் உயரமும் உறுதியும் மாறின. முகடு எங்கே வேண்டும் என்று தெரிந்த பிறகு வரம்பைத் தேர்ந்தால், கை தானாகவே சாதகமான பக்கம் சாயும். இதற்குப் பொய் சொல்லும் எண்ணம் வேண்டியதே இல்லை.

அதே மலைக்கடியில் பின்னர் வந்த ஜெர்டா சோதனை, அந்த ஆற்றலைச் சுற்றி இருபுறமும் 25 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குத் தரவை மூடிவைத்தது. வடிகட்டும் முறை முழுவதையும் முடிவுசெய்து, இனி மாற்றுவதில்லை என்று வைத்த பிறகே திறந்தது. முகடு இல்லை. 2020-இல் அது தந்த இறுதி எல்லை: அரைவாழ்வுக் காலம் 1.8 × 10²⁶ ஆண்டுகளுக்குக் குறையாது. பழைய அறிவிப்பு சொன்ன மதிப்பைப் போல் பத்து மடங்குக்கும் மேல். தரவைத் திறக்குமுன் விதிகளை எழுதி முடித்தார்களா என்பதுதான், இந்தத் துறையின் எந்த அறிவிப்பிலும் நான் முதலில் தேடும் வரி.

இந்த அரைவாழ்வுக் காலத்திலிருந்து நியூட்ரினோவின் நிறையை நேராகச் சொல்லிவிடலாம் என்று நினைப்பதும் பிழை. இடையே அணுக்கருவின் உள்விவரங்களைக் கணக்கிட வேண்டும். அந்தக் கணிப்புகள் முறைக்கு முறை இரண்டு மூன்று மடங்கு வேறுபடுகின்றன. அதனால்தான் இத்தகைய முடிவுகள் நிறையை ஒரே எண்ணாகத் தராமல் ஒரு வரம்பாகத் தருகின்றன. செய்தியில் ஒரே எண் இருந்தால், நடுவில் யாரோ வரம்பின் ஓரத்தைக் கத்தரித்திருக்கிறார்கள்.

பேரியான் எண்ணுக்குத் திரும்பினால், நியூட்ரான் எதிர்நியூட்ரானாக மாறும் தேடலிலும் எண்கள் ஏமாற்றும். பிரான்சின் கிரனோபிளில் அணு உலையிலிருந்து வந்த தனி நியூட்ரான்களைக் கொண்டு 1994-இல் கிடைத்த எல்லை 8.6 × 10⁷ நொடிகள், அதாவது மூன்றாண்டுகளுக்கும் குறைவு. சூப்பர் காமியோகாண்டே ஆக்சிஜனுக்குள் உள்ள நியூட்ரான்களுக்குத் தந்த எல்லையோ 3.6 × 10³² ஆண்டுகள். இரண்டையும் அருகருகே வைத்து முன்னதைக் கேலி செய்தால் கேலிக்குள்ளாவது நாம்தான். அணுக்கருவுக்குள் அந்த மாற்றம் கடுமையாக அடக்கப்படுகிறது. அடக்கத்தைக் கழித்துப் பார்த்தால் இரண்டாவது எல்லை 4.7 × 10⁸ நொடிகள். ஐந்தரை மடங்குதான் கூடுதல்.

கடைசியாக ஒரு நிகழ்வு. 2017-இல் சூப்பர் காமியோகாண்டே, புரோட்டான் மியூயானாகவும் நடுநிலைப் பையானாகவும் சிதைந்ததற்கான எல்லா நிபந்தனைகளையும் தாண்டிய இரண்டு நிகழ்வுகளை அறிவித்தது. பின்புலத்திலிருந்து எதிர்பார்த்தது 0.87. 2020-ஆம் ஆண்டின் ஆய்வில் அவற்றில் ஒன்று நிற்கவில்லை; மற்றது நின்றது. எதிர்பார்த்த பின்புலம் 0.9. அதை யாரும் ஒளிக்கவில்லை, கொண்டாடவும் இல்லை. ஆயுள் 1.6 × 10³⁴ ஆண்டுகளுக்குக் குறையாது என்று எழுதி, அந்த ஒன்றையும் பதிவில் வைத்துவிட்டுத் தொட்டியை மீண்டும் பார்க்கத் தொடங்கினார்கள்.