பாறை, மாவிலை, நீர்ப்புகை: நம் நிலத்திலிருந்தே டிஜிட்டல் தூரிகைகள் செய்துகொள்ளும் முறை

காவேரிப்பட்டினம் பக்கத்து மாந்தோப்பு ஒன்றை முதன்முதலில் கணினியில் வரைந்தபோது, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த இலைத் தூரிகையைக் கொண்டு கால் மணி நேரத்தில் மரத்தை முடித்துவிட்டேன். இலைகள் அடர்ந்திருந்தன, வெளிச்சமும் நிழலும் அதனதன் இடத்தில் விழுந்திருந்தன. அந்தத் தோப்பைப் பார்த்துக்கொள்ளும் என் பெரியப்பா படத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்பா, இது எந்த ஊர் மரம்?" என்று கேட்டார். சரியான கேள்வி. அந்தத் தூரிகை, குளிர்நாட்டு மரங்களின் அகன்ற, விளிம்பு வெட்டுப்பட்ட இலையிலிருந்து செய்யப்பட்டது. மாவிலையோ நீண்டு, ஈட்டி முனைபோல் ஒடுங்கி, கிளை நுனியில் கொத்தாகச் சுற்றி நிற்பது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியை உள்ளபடி வரைய விரும்புகிறவர், தூரிகையையும் இந்தப் பகுதியின் கல்லிலும் இலையிலும் இருந்தே எடுக்க வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இங்கே சொல்லும் செய்முறை கிரிட்டா என்னும் ஓவிய மென்பொருளுக்கு உரியது. அது இலவசமானது, விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். ஃபோட்டோஷாப், புரோகிரியேட் ஆகியவற்றில் பொத்தான்களின் பெயர்கள் மாறினாலும் அடிப்படை ஒன்றே. அழுத்தத்தை உணரும் பேனா டேப்லெட் ஒன்று வேண்டும். சிறிய அளவே போதும்.

முதலில் பாறை. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள குன்றுகளில் கூர்மையாக உடைந்த செங்குத்துப் பாறைகளை விட, வெயிலிலும் மழையிலும் தோல் உரிந்து உருண்டுபோன பெரும் குண்டுகளே மிகுதி. அவற்றின் மேல்தோலைப் பக்கத்தில் நின்று பார்த்தால், வெளிர்ந்த மணிகளும் கரிய புள்ளிகளும் கலந்த சொரசொரப்பும், அதன்மேல் வட்டம் வட்டமாகப் படர்ந்த பாறைப்பாசியும் தெரியும். அந்தத் தோலைத்தான் தூரிகைக்காகப் படம் எடுக்க வேண்டும். மேகமூட்டமான நாளிலோ, சூரியன் எழுவதற்குச் சற்று முன்போ எடுப்பது நல்லது. நேர் வெயிலில் எடுத்தால் ஒவ்வொரு மணியின் நிழலும் ஒரே பக்கம் விழுந்து தூரிகையிலேயே பதிந்துவிடும், பிறகு உங்கள் ஓவியத்தில் ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அந்தப் பழைய நிழல் பொய்யாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

எடுத்த படத்தில் ஏறத்தாழ 600 பிக்சல் அகலமுள்ள ஒரு சதுரத்தை வெட்டி, 'டீசாச்சுரேட்' கட்டளையால் நிறத்தை நீக்குங்கள். பின்னர் 'லெவல்ஸ்' கருவியில் வெளிர்ந்த பகுதிகள் முழு வெள்ளையாகவும், பள்ளங்கள் நல்ல கறுப்பாகவும் ஆகும்வரை இரு முனைகளையும் நெருக்குங்கள். கறுப்பு இருக்கும் இடத்தில் வண்ணம் படியும், வெள்ளை இருக்கும் இடத்தில் படியாது என்பதே இங்கு விதி. இதற்குப் பின் பலரும் தவறவிடும் வேலை ஒன்று உண்டு: சதுரத்தின் நான்கு ஓரங்களையும் வெள்ளை வண்ணத்தால் ஒழுங்கற்ற வடிவில் அழிக்க வேண்டும். தூரிகை இந்தச் சதுரத்தை முத்திரைபோல் அடுத்தடுத்துப் பதித்தே கோடு இழுக்கும். ஓரங்களை அழிக்காவிட்டால் ஒவ்வொரு பதிவிலும் சதுரத்தின் விளிம்பு தெரிந்து, பாறை ஓடு பதித்த தரைபோல் ஆகிவிடும். அடுத்து எஃப்5 விசையை அழுத்தி, தூரிகை அமைப்புச் சாளரத்தில் 'ஸ்டாம்ப்' பொத்தான் வழியாக இதைத் தூரிகை நுனியாகச் சேமித்து, 'ஆல்ஃபா மாஸ்க்' முறையைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் நீங்கள் எடுக்கும் வண்ணத்திலேயே தூரிகை வரையும்.

'ஸ்பேசிங்' என்னும் இடைவெளியை 0.3 அளவில் வைத்து, 'ரொட்டேஷன்' பகுதியில் 'ஃபஸி டேப்' என்பதை இயக்கினால், நுனி ஒவ்வொரு பதிவிலும் தானாக ஒரு கோணத்தில் திரும்பும். ஒரே புள்ளிக் கூட்டம் மீண்டும் மீண்டும் கண்ணில் படாமல் காப்பது இந்த அமைப்புதான். வண்ணம் எவ்வளவு படிய வேண்டும் என்பதைக் குறிக்கும் 'ஃப்ளோ' அளவைப் பேனாவின் அழுத்தத்தோடு இணைத்துவிடுங்கள். மெல்லத் தொட்டால் தூசிபோலவும், அழுத்தினால் கல்போலவும் பதியும்.

தூரிகை தயாரான மகிழ்ச்சியில் உடனே பாறையைத் தேய்க்கத் தொடங்கிவிடக் கூடாது. சாதாரண வட்டத் தூரிகையால் குண்டின் முழு வடிவத்தை ஒரே நிறத்தில் நிரப்பி, ஒளிப்பக்கம், நிழற்பக்கம், தரையிலிருந்து எதிரொளிக்கும் செம்மண் சாயல் ஆகிய மூன்றையும் பெரிய தீட்டல்களாக முடித்த பிறகே சொரசொரப்புக்குப் போக வேண்டும். வடிவத்துக்கு ஒன்றும் அதன்மேல் சொரசொரப்புக்கு ஒன்றுமாக இரண்டு லேயர்களை, அதாவது கண்ணாடித்தாள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வரைதளங்களை, ஒரே குழுவில் வைத்து, மேலே உள்ளதற்கு 'இன்ஹெரிட் ஆல்ஃபா' இட்டால் வண்ணம் பாறைக்கு வெளியே சிந்தாது. ஒளியும் நிழலும் சந்திக்கும் எல்லையில் சொரசொரப்பை மிகுதியாகவும், ஆழ்ந்த நிழலில் ஏறக்குறைய இல்லாமலும் வையுங்கள். நம் கண்ணும் அங்கேதான் கல்லின் மணியைக் காண்கிறது. மழைநீர் வழிந்து வழிந்து பாறையின் பக்கங்களில் உண்டான கறுப்புக் கோடுகளை மட்டும் கையாலேயே இழுங்கள். அவற்றைத் தூரிகையிடம் விட்டால் ஒரே அளவில் வந்து நிற்கும்.

மாமரத்துக்கு ஒற்றை நுனி போதாது. ஒரே கோப்பில் ஐந்து லேயர்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஏழெட்டு இலைகள் கொண்ட ஒரு கொத்தைக் கறுப்பில் வரையுங்கள். ஒன்று நேராக நம்மைப் பார்க்கட்டும், ஒன்று பக்கவாட்டில் சாயட்டும், ஒன்றில் இலைகள் வாடியதுபோல் தொங்கட்டும். பிறகு 'ஸ்டாம்ப்' சாளரத்தில் 'அனிமேட்டட்' வகையையும் 'ரேண்டம்' தேர்வையும் அமைத்தால், ஐந்து கொத்துகளும் முறையின்றி மாறி மாறிப் பதியும். இடைவெளி 0.7 முதல் 1 வரை இருக்கலாம். 'ஸ்கேட்டர்' என்னும் சிதறல் சிறிதளவு போதும்; கூடினால் இலைகள் கிளையை விட்டுப் பறக்கும். நிறத்தில் மிகச் சிறிய மாற்றம் வர, 'ஹியூ' அமைப்பை 'ஃபஸி டேப்' உடன் இணைத்து அதன் வலிமையை மிகவும் குறைத்துவிடுங்கள்.

அடர்ந்த நிழற்கொத்துகளை முதலில் இட்டு, நடுத்தரப் பச்சையை அடுத்து வைத்து, வெயில் படும் கொத்துகளை எண்ணி எண்ணிக் குறைவாகவே வையுங்கள். இடையிடையே வானம் தெரியும் சந்துகள் வேண்டும். மாமரத்தின் இளந்தளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும் என்பதால், தளிர்களைத் தனி லேயரில், அந்தத் தொங்கும் கொத்தை மட்டும் கொண்ட தூரிகையால் வரைவேன். மரத்துக்கு உயிர் வருவது அந்தச் சில செம்புத் தீற்றல்களில்தான் என்பது என் எண்ணம். சாலையோரப் புளியமரத்துக்கு இவ்வளவு வேலை தேவையில்லை. அதன் சிற்றிலைகள் தொலைவில் பொடிப்புள்ளிகளாகவே தெரியும். பாறைத் தூரிகையையே சிறிதாக்கிப் பயன்படுத்தலாம்.

ஒகேனக்கல் வேறு வகைச் சோதனை. கன்னடத்தில் 'புகையும் கல்' என்று பொருள்படும் அந்தப் பெயரே, எதை வரைய வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறது. விழும் நீருக்கு, ஒழுங்கற்ற பதினைந்து இருபது புள்ளிகள் கொண்ட நுனி ஒன்றைச் செய்து, அதன் சுழற்சியை 'டிராயிங் ஆங்கிள்' உடன் இணையுங்கள். இழுக்கும் திசைக்கு ஏற்ப நுனி திரும்பி, நீர் இழை இழையாக வரும். மேல் விளிம்பில் நெருக்கமாகத் தொடங்கி, கீழே வரவர அழுத்தத்தைத் தளர்த்தி இழைகளைப் பிரிய விடுங்கள். தூய வெள்ளை வேண்டாம். நிழலில் உள்ள அருவி நீலம் தோய்ந்த சாம்பலாகவும், காவிரியில் வெள்ளம் வரும் நாட்களில் செம்மண் கரைந்த பழுப்பாகவும் இருக்கும்.

நீர்ப்புகைக்கு மென்மையான வட்டத் தூரிகையை மட்டும் நம்பினால் பஞ்சுப் பொதிதான் கிடைக்கும். கிழிந்த மேகம்போன்ற நுனியை 'ஃப்ளோ' 5 முதல் 10 விழுக்காட்டில் வைத்து, அருவியின் அடியில் பலமுறை தொட்டுத் தொட்டு ஏற்றுங்கள். அடிப்பாறைகளின் கறுப்பு அங்கே வெளிறிப்போக வேண்டும். போதும் என்று தோன்றியதும் ஆங்கில 'ஈ' விசையால் அதே தூரிகையை அழிப்பானாக மாற்றி, புகையின் நடுவே ஓரிரு ஈரப்பாறைகளின் முகட்டை மட்டும் திறந்துவிடுங்கள்.