மச்சானிடம் மோட்டார் சைக்கிள் சாவியை வாங்கும் முன்

யாழ்ப்பாணத்தில் இறங்கி மறுநாளே சொந்தக்காரரின் மோட்டார் சைக்கிளில் சுற்றக் கிளம்புவது வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. கார் ஓட்டிப் பழகியவர்தானே என்று வீட்டாரும் தடுப்பதில்லை.

லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஏறத்தாழ 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் வெளிவந்தது ஹர்ட் அறிக்கை. வேறு வாகனத்துடன் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில் குறுக்கே புகுந்தது மற்ற வாகனம்தான் என்றது அது. மோட்டார் சைக்கிளின் ஒடுங்கிய உருவம் உண்மையில் இருப்பதைவிடத் தொலைவில் வருவதாகத் தோன்றும். திரும்பிவிடலாம் என்று காரோட்டி நினைத்துவிடுகிறார். இடப்பக்கம் ஓடும் இலங்கையில் இந்த ஆபத்து வலப்பக்கம் திரும்பும் வாகனத்திடமிருந்து வரும்.

ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியைப் பாருங்கள். தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்படும் வான்கள் ஓரத்திலிருந்து திடீரென வீதிக்கு ஏறும். இத்தகைய இடங்களில் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்துப் பயனில்லை; அவர் உங்களைப் பார்த்தபடியே திருப்புவார். முன்சக்கரத்தைப் பாருங்கள். அது அசையத் தொடங்கினாலே பிரேக்கில் கை போக வேண்டும்.

லண்டனில் எதிரே வருபவர் ஹெட்லைட்டை மின்னவிட்டால் பெரும்பாலும் வழி விடுகிறார். இங்கே பஸ் மின்னவிட்டால், முந்திக்கொண்டு உங்கள் பக்கத்துக்கே வருகிறது, ஒதுங்குங்கள் என்று பொருள். சட்டம் பேச அது இடமில்லை. ஆனால் தார் விளிம்புக்கு வெளியே பல இடங்களில் மண் தாழ்ந்து கிடக்கும். வேகத்தோடு அதில் இறங்கினால் சறுக்கிப் பஸ்ஸின் பக்கமே விழ நேரிடும். வேகத்தைக் குறைத்துவிட்டு ஒதுங்குங்கள்.

கனடா, பிரான்சிலிருந்து வருபவர்கள் வெறிச்சோடிய காலை வீதியில்தான் மறதியாக வலப்பக்கம் ஏறுகிறார்கள். வன்னியில் இருட்டிய பின் ஓட்டவே வேண்டாம் என்பேன். வீதியில் படுத்திருக்கும் மாடும் பின்விளக்கில்லாத லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் கிட்டப் போகும்வரை தெரியாது.

பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். பட்டியைப் பூட்டாவிட்டால் அது தலையில் நிற்காது. கார் அனுமதிப்பத்திரம் மோட்டார் சைக்கிளுக்குச் செல்லாது. பயணக் காப்புறுதியில் இரு சக்கர வாகனம் அடங்குமா என்பதைப் புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள். இலவச அம்புலன்ஸுக்கு 1990 என்ற எண்ணை அழையுங்கள். இவ்வளவும் தொல்லையாகத் தோன்றினால் ஓட்டோ பிடியுங்கள். சந்திக்குச் சந்தி நிற்கிறது.