பார்க் கனெக்டர்ல சைக்கிளும் நடக்குறவங்களும் இடிச்சுக்காம போறது எப்படி

நான் சிங்கப்பூர்ல வாரத்துக்கு நாலு நாள் பார்க் கனெக்டர் வழியா (பூங்காக்களை இணைக்குற, நடக்குறவங்களும் சைக்கிளும் சேர்ந்து போற பாதை) சைக்கிள்லதான் வேலைக்குப் போறேன், எங்கம்மா அதே பாதைல சாயங்காலம் நடக்கப் போவாங்க, அதனால ரெண்டு பக்கத்துக் கோவமும் எனக்குத் தெரியும். ஒருநாள் அம்மா நடந்துட்டு இருக்கப்ப பின்னாடி இருந்து வந்த ஒருத்தர் ஹேண்டில்பாரால கையை உரசிட்டு நிக்காம போயிட்டார். அம்மா கீழ விழல, ஆனா பயந்துபோய் ரெண்டு வாரம் அந்தப் பக்கமே போகல. அதுக்கப்புறம் நான் ஓட்டுற விதத்தையே மாத்திக்கிட்டேன், அதைத்தான் இங்க சொல்றேன்.

முதல்ல எந்தப் பாதைல இருக்கீங்கன்னு பாருங்க. சாதாரண நடைபாதைல சைக்கிளுக்கு மணிக்கு 10 கிமீதான், முன்னாடி 15 இருந்தது, 2019 பிப்ரவரில குறைச்சாங்க. பார்க் கனெக்டர், சைக்கிள் பாதை, இதுலல்லாம் 25. பேட்டரி சைக்கிளை நடைபாதைல ஓட்டவே கூடாது. 2025 ஜூலை 1ல இருந்து இன்னொண்ணும் வந்துருச்சு, சைக்கிள் பாதைக்குப் பக்கத்துலயே நடக்குறவங்களுக்குன்னு தனியா குறி போட்ட பாதை இருந்தா அதுல சைக்கிள் ஏறக்கூடாது, சிவப்பா இருக்குற சைக்கிள் பாதைதான் உங்களோடது. ஓவர்ஹெட் பிரிட்ஜ்ல இறங்கித் தள்ளிட்டுதான் போகணும்.

ஆனா 25ங்கிறது உச்ச வரம்பு, அந்த வேகத்துலதான் போகணும்னு யாரும் சொல்லல. கணக்கு போட்டுப் பாருங்க, 25ல போனா ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 7 மீட்டர். 10 மீட்டர் தூரத்துல வந்து பெல் அடிச்சா முன்னாடி போறவங்களுக்குக் கிடைக்குறது ஒன்றரை செகண்ட் கூட இல்ல, அதுக்குள்ள அவங்க சத்தத்தைக் கேட்டு, என்னன்னு புரிஞ்சு, எந்தப் பக்கம் ஒதுங்குறதுன்னு முடிவு பண்ணி நகரணும், இது எழுபது வயசுக்காரங்களால ஆகுமா சொல்லுங்க. ஆள் இருக்குற இடத்துல 15க்கு கீழ வந்துடுங்க.

பெல் எப்படி அடிக்கிறதுங்கிறதுலதான் பாதி சண்டையே இருக்கு. 25, 30 மீட்டர் முன்னாடியே ஒரே ஒரு தடவை லேசா அடிங்க, அடிச்சதும் வேகத்தைக் குறைங்க. நிறைய பேர் பெல்லையும் அடிச்சுட்டு அதே வேகத்துல வர்றாங்க, அப்ப கேக்குறவங்களுக்கு அது "தள்ளு"ன்னு அதட்டுற மாதிரிதான் இருக்கும். கிட்ட போய் கிணிங் கிணிங்னு விடாம அடிச்சா பதறிப்போய் உங்க சக்கரத்துக்கு நேராவே வந்து நிப்பாங்க. ரெண்டு பேர் பேசிட்டு நடந்தா பெல் கேட்டதும் ஒருத்தர் இடது பக்கமும் ஒருத்தர் வலது பக்கமும் போவாங்க, அப்புறம் சேர்ந்துக்கணும்னு ஒருத்தர் திடீர்னு குறுக்க ஓடி வருவாங்க, அதனால ரெண்டு பேரும் ஒரு பக்கமா நிக்குற வரைக்கும் பொறுங்க. பெல்லுக்குத் திரும்பலைன்னா காதுல இயர்போன் இருக்கும், இல்ல காது கேக்காது, இது ரெண்டுமே திட்டுறதுக்கான காரணம் இல்ல. கிட்ட வந்து வேகத்தை நடக்குற அளவுக்குக் குறைச்சுட்டு "எக்ஸ்கியூஸ் மீ ஆன்ட்டி"ன்னு வாயால சொல்லுங்க, தாண்டுனதும் தேங்க்ஸ் சொல்லுங்க.

குழந்தையைப் பார்த்தா அதோட அப்பா அம்மா எந்தப் பக்கம் நிக்குறாங்கன்னு பாருங்க, பயந்தா குழந்தை அங்கதான் ஓடும். நாய் ஒரு ஓரத்துலயும் ஆள் இன்னொரு ஓரத்துலயும் இருந்தா நடுவுல கயிறு இருக்கும், ராத்திரில அது கண்ணுக்கே தெரியாது. இருட்டுனா முன்னாடி வெள்ளை லைட், பின்னாடி சிவப்பு லைட் கட்டாயம், ஆனா முன் லைட்டை தரையைப் பார்த்து வைங்க, எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிச்சா அவங்களுக்கு எதுவுமே தெரியாது. பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி, பாலத்துக்கு அடில வர்ற வளைவு, லிஃப்ட்ல இருந்து ஆள் வெளிய வர்ற மூலை, இந்த மூணு இடத்துலயும் யாராவது வருவாங்கன்னு நினைச்சே போங்க.

நடக்குறவங்களுக்கும் கொஞ்சம் சொல்லணும், நான் அம்மாகிட்ட சொல்றதுதான். இடது பக்கம் ஒதுங்கி நேர்கோட்டுல நடங்க. திரும்பி வரணும்னா, இல்ல குறுக்க போகணும்னா முதல்ல தோளுக்குப் பின்னாடி பாருங்க, இது ஒண்ணு பழகிட்டா போதும், ஏன்னா சைக்கிள்காரர் உங்களை எப்படித் தாண்டுறதுன்னு யோசிச்சுட்டு வர்றப்ப நீங்க சட்டுனு திரும்புனாதான் அவருக்கு வேற வழியே இருக்காது. ஒரு காதையாவது இயர்போன் இல்லாம விடுங்க. பெல் கேட்டா குதிக்க வேண்டாம், இருக்குற பக்கமே இருங்க, தாண்டிப் போறது அவரோட வேலை.

அப்படியும் இடிச்சுட்டா, சைக்கிள்காரர் நின்னே ஆகணும், சட்டமும் அதான், உதவி பண்ணி உங்க விவரத்தைக் கொடுக்கணும். யார் தப்புன்னு அங்கயே பேச ஆரம்பிக்காதீங்க, முதல்ல உக்கார வைங்க. தலைல அடிபட்டிருந்தா, மயக்கம் வந்தா 995க்கு போன் பண்ணி ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. வயசானவங்க வெக்கத்துல "பரவாயில்ல, பரவாயில்ல"ன்னு எழுந்து நடக்கப் பார்ப்பாங்க, அதை நம்பிக் கிளம்பிடாதீங்க, கூட ஒரு பத்து நிமிஷம் உக்காருங்க, வீட்டு நம்பர் வாங்கி நீங்களே அவங்க பிள்ளைங்களுக்கு போன் பண்ணிச் சொல்லுங்க.