சைக்கிள் ட்ரெஸ் எப்படி எடுக்கறது: இடுப்புக்குக் கீழ நேரத்தப் பாருங்க, மேல வானிலையப் பாருங்க

புதுசா சைக்கிள் ஓட்ட ஆரம்பிக்கற எல்லாரும் முதல்ல கேக்கறது "எந்த ஜெர்சி வாங்கலாம்"னுதான். கலர் கலரா கண்ணுல படறது அதுதானே. ஆனா காசு போடற வரிசை அப்படியே உல்டா, முதல்ல ஷார்ட்ஸ், அப்புறம் கிளவுஸ், கடைசியா ஜெர்சி. நான் வச்சிருக்கற கணக்கு ரொம்ப சிம்பிள். எவ்ளோ நேரம் சீட்ல உக்காரப் போறீங்கங்கறதுதான் இடுப்புக்குக் கீழ என்ன போடணும்னு சொல்லும். இடுப்புக்கு மேல என்னன்னு வெயிலும் காத்தும் மழையும் சொல்லும். இது ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறதாலதான் பீரோ நிறைய ட்ரெஸ் இருந்தும் போட ஒண்ணும் இல்லாத மாதிரி ஆகிடுது.

அரை மணி நேரத்துக்குள்ள முடியற ரைடுன்னா தனி ட்ரெஸ்ஸே வேணாம், இருக்கறதப் போட்டுட்டுக் கிளம்புங்க. செயின் இருக்கறது வலது பக்கம், அதனால வலது கால் பேன்ட்ட மட்டும் மடிச்சு விடுங்க இல்ல ஒரு ரப்பர் பேண்ட் மாட்டுங்க, ஷூ லேஸோட நுனிய உள்ள சொருகிடுங்க. ஜீன்ஸ் மட்டும் கொஞ்சம் யோசிக்கணும். ஒரு ஜீன்ஸ உள்பக்கமா திருப்பிப் பாருங்க, முன் தையல், பின் தையல், ரெண்டு தொடைத் தையல் நாலும் வந்து ஒரே இடத்துல சேரும், அங்க தடியா ஒரு மேடு இருக்கும். சீட்ல நீங்க உக்காருறது கரெக்டா அது மேலதான். பத்து நிமிஷத்துல ஒண்ணும் தெரியாது, ஒரு மணி நேரம் போனா நடையே மாறிடும்.

ஒரு மணி நேரத்தத் தாண்டுதுன்னா உக்கார்ற இடத்துல பேட் (ஃபோம் மெத்தை) வச்ச ஷார்ட்ஸ் எடுத்துடுங்க. இதுக்குள்ள ஜட்டி போடக்கூடாது, இத எத்தன தடவ சொன்னாலும் போதாது. பேட்ல தையல் உறுத்தாம இருக்கணும்னு மெனக்கெட்டு செஞ்சு வச்சிருப்பாங்க, நீங்க உள்ள ஒரு ஜட்டி போட்டா அதோட தையலும் எலாஸ்டிக்கும் வியர்வையில ஊறித் தொடைய அறுத்துடும். டைட்டா வெளிய தெரியுதுன்னு கூச்சமா இருந்தா மேல ஒரு லூஸ் ஷார்ட்ஸ் போட்டுக்கங்க, யாரும் கேக்கப் போறதில்ல.

பேட் எவ்ளோ தடியோ அவ்ளோ நல்லதுன்னு நினைக்காதீங்க. மொத்தமா புசுபுசுன்னு இருக்கறது கடையில தொட்டுப் பாக்க நல்லாதான் இருக்கும், உக்காந்து ஒரு மணி நேரத்துல தட்டையாப் போயிடும். பாக்க வேண்டியது ஃபோமோட அடர்த்தி. உக்காரும்போது எலும்பு படற இடத்துல கட்டைவிரலயும் ஆள்காட்டி விரலயும் ரெண்டு பக்கம் வச்சு நல்லா அழுத்துங்க, ரெண்டு விரலும் கிட்டத்தட்ட ஒட்டிக்கிச்சுன்னா அது சின்ன ரைடுக்குத்தான், அழுத்தினாலும் நடுவுல எதிர்த்து நின்னா நாலஞ்சு மணி நேரத்துக்குத் தாங்கும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் பேட் வடிவமே வேற, அதனால மாத்தி எடுக்காதீங்க.

ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல வழக்கமா ஓட்டறவங்க பிப் ஷார்ட்ஸுக்கு மாறலாம், அதாவது தோள்ல பட்டை போட்ட மாடல். இடுப்புல எலாஸ்டிக் இல்லாததால குனியும்போது வயித்த அமுக்காது, பேடும் நகராது. பாத்ரூம் போறதுதான் ஒரே கஷ்டம், அதுக்காகப் பெண்களுக்குப் பின்னாடி ஜிப் இல்ல கிளிப் வச்ச மாடல் வருது, தேடி வாங்குங்க. போட்டுப் பாக்கும்போது கண்ணாடி முன்னாடி நிமிந்து நின்னு முடிவு பண்ணாதீங்க, ஹேண்டில் பார் பிடிக்கற மாதிரி குனிஞ்சு பாருங்க. நிக்கும்போது பட்டை தோள இழுக்கற மாதிரிதான் இருக்கும், குனிஞ்சா சரியாயிடும். நிக்கும்போதே சொகுசா இருந்தா அது உங்களுக்கு ஒரு சைஸ் பெருசு.

இப்ப மேல. நல்ல வெயில்ல உடம்பு குளிரணும்னா வியர்வை காயணும், ஒழுகினா மட்டும் பத்தாது. காட்டன் தண்ணிய உறிஞ்சி வச்சுக்கும், பாலியஸ்டர் இழை கிட்டத்தட்ட உறிஞ்சறதே இல்ல, அதனால வியர்வை துணி மேல பரவிக் காத்துல காஞ்சிடும். மெதுவா பக்கத்துல எங்கயாவது போக காட்டன் டீ சர்ட் தாராளமா போதும், ஒரு மணி நேரம் மிதிச்சா அது கனத்து முதுகுல ஒட்டிக்கும். புழுக்கமான ஊருன்னா முழு ஜிப் இருக்கற ஜெர்சியா பாருங்க, மேடு ஏறும்போது மொத்தமாத் திறந்து விட்டுடலாம். உடம்போட ஒட்டி இருக்கணும், லூஸா எடுத்தா காத்துல பலூன் மாதிரி உப்பி உங்களப் பின்னாடி இழுக்கும். வெயிலுக்கு ஆர்ம் ஸ்லீவ்ஸ் வாங்கறதா இருந்தா யூபிஎஃப் 50ன்னு போட்டிருக்கான்னு பாருங்க, புற ஊதாக் கதிர்ல அம்பதுல ஒரு பங்குதான் உள்ள விடும்னு அர்த்தம்.

குளிர்ல ஆளப் பதம் பாக்கறது காத்து. வெளிய 10 டிகிரி, நீங்க 25 கிலோமீட்டர் வேகத்துல போறீங்கன்னா உடம்புக்கு அது 7 டிகிரி மாதிரி இருக்கும். 5 டிகிரியில 40 வேகத்துல இறக்கத்துல இறங்கினா பூஜ்யத்துக்கும் கீழ. அதனால தடியா ஒரே ஸ்வெட்டர் போடாதீங்க, ஏத்தத்துல வேர்த்து நனைஞ்சு இறக்கத்துல அதே ஈரத்தோட நடுங்குவீங்க. உள்ள ஒட்டின மாதிரி ஒரு மெல்லிசு பனியன் (மெரினோ கம்பளின்னா நனைஞ்சாலும் கொஞ்சம் சூடு இருக்கும், நாத்தமும் சீக்கிரம் வராது), அது மேல ஜெர்சி, அது மேல கை இல்லாத விண்ட்சீட்டர், மடிச்சா ஜெர்சி பாக்கெட்ல அடங்கிடும். என்னக் கேட்டா ஒரே ஒரு எக்ஸ்ட்ரா வாங்கணும்னா இந்தக் கையில்லாத விண்ட்சீட்டர்தான். அந்தக் காலத்து டூர் டி பிரான்ஸ் ரேஸ்ல மலை உச்சியில நிக்கற ஜனங்ககிட்ட நியூஸ்பேப்பர் வாங்கி நெஞ்சுல சொருகிட்டு இறங்குவாங்க, அவசரத்துக்கு இன்னைக்கும் அது நல்லாவே வேல செய்யும். வீட்ட விட்டுக் கிளம்பும்போது லேசா குளிரணும், பத்து நிமிஷத்துல சரியாயிடும். கிளம்பும்போதே கதகதன்னு இருந்தா ஒண்ணக் கழட்டிட்டுப் போங்க. 15 டிகிரிக்குக் கீழ போச்சுன்னா முட்டிய மூடிடுங்க, அங்க சதையும் கொழுப்பும் கம்மி, காத்து நேரா மூட்டுல அடிக்கும்.

மழை. இதுல நிறைய பேரு ஏமாறுறது ரெயின்கோட்லதான். தண்ணி சொட்டுகூட உள்ள விடாத பிளாஸ்டிக் கோட்டு வியர்வையையும் வெளிய விடாது, அரை மணி நேரத்துல உள்ளருந்தே நனைஞ்சிடுவீங்க. வெதுவெதுப்பான மழைன்னா ஜாக்கெட்டே வேணாம், நனைஞ்சுட்டே ஓட்டுங்க, வெளிர் கலர் ஷார்ட்ஸ் மட்டும் வேணாம், நனைஞ்சா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா. குளிர் மழைன்னாதான் வியர்வை ஆவிய வெளிய விடற துணியில, தையல் மேல டேப் ஒட்டின, பின்பக்கம் நீளமான ஜாக்கெட் வேணும். ஆனா அதுக்கும் முன்னாடி மட்கார்டு போடுங்க, முதுகையும் காலையும் சகதியாக்கறதுல பாதி உங்க சக்கரமே வாரி இறைக்கறது. ஹெல்மெட்டுக்குள்ள விளிம்பு வச்ச துணித் தொப்பி ஒண்ணு போட்டா கண்ணுல தண்ணி அடிக்காது. நனைஞ்ச ஷூவுக்குள்ள நியூஸ்பேப்பரக் கசக்கித் திணிச்சு வைங்க, காலையில காஞ்சிருக்கும்.

200 கிலோமீட்டர் பிரெவே (குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய நீண்ட தூர ரைடு) மாதிரி நாள் முழுக்க ஓட்டறதுன்னா, அதுக்குக் குடுக்கற டைமே பதிமூணரை மணி நேரம், விடியக்காலைக் குளிரு, மதிய வெயில், ராத்திரி எல்லாம் ஒரே நாள்ல வந்துடும். கழட்டி மாட்ட வசதியா கைக்கும் காலுக்கும் தனித்தனி வார்மர் (குளிருக்கு மாட்டற உறை), ஒரு ஜோடி எக்ஸ்ட்ரா சாக்ஸ் வச்சுக்கங்க, தோல் உரசாம இருக்கத் தடவற கிரீம தொடை இடுக்குலயும் பேட்லயும் தடவிக்கங்க. புது ஷார்ட்ஸ அன்னைக்குத்தான் முதல் தடவயா போடவே கூடாது. பளபளன்னு இருக்கற ஃப்ளோரசன்ட் மஞ்சள் இருட்டுல உங்களக் காப்பாத்தாது, அது பகல் வெளிச்சத்துலதான் வேல செய்யும். ராத்திரிக்கு ரிஃப்ளெக்டர் பட்டைதான், அதையும் கணுக்கால்ல கட்டுங்க, மேலயும் கீழயும் ஆடறதப் பாத்தாலே வர்ற வண்டிக்காரருக்கு மிதிக்கற ஆளுன்னு புரிஞ்சிடும்.

ஓட்டி முடிச்சதும் ஷார்ட்ஸோட உக்காந்து அரட்டை அடிக்காதீங்க, ஈரப் பேட்ல இருந்துதான் கொப்புளம் வருது. உள்பக்கமா திருப்பித் துவைங்க, ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊத்தாதீங்க, அது இழை மேல படிஞ்சு வியர்வை பரவறதயே நிறுத்திடும். அப்பப்ப பின்பக்கத் துணிய வெளிச்சத்துக்கு நேரா விரிச்சுப் பிடிச்சுப் பாருங்க, அந்தப் பக்கம் தெரியுதுன்னா மாத்திடுங்க, பின்னாடி ஓட்டிட்டு வர்றவங்க கூச்சப்பட்டு சொல்லவே மாட்டாங்க.