பார்க்கின்சன் உள்ளவர்கள் தாளத்துக்கு நடந்து பழகுவது எப்படி?

இசை சிகிச்சை என்று பேச்சு வந்தாலே இந்த ராகம் சர்க்கரைக்கு, அந்த ராகம் பிரஷருக்கு என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்துவிடும். அதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதே சமயம் இசையை முறையாகச் சோதித்துப் பார்த்துப் பலன் கண்ட விஷயங்களும் இருக்கின்றன. அவற்றில் வீட்டிலேயே, செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன்: பார்க்கின்சன் நோயால் நடை சுருங்கிப்போனவர்களுக்கான தாள நடைப் பயிற்சி.

நடக்கும்போது அடுத்த காலை எப்போது வைப்பது என்று நாம் யோசிப்பதில்லை, மூளையின் ஆழத்தில் இருக்கும் ஒரு பகுதி அந்த நேரக்கணக்கைத் தானாகவே பார்த்துக்கொள்கிறது. பார்க்கின்சனில் டோபமைன் என்ற மூளை ரசாயனம் குறைவதால் இந்தக் கணக்குதான் தடுமாறுகிறது, அடி சின்னதாகிறது, கால் தேய்கிறது, சிலருக்கு வாசற்படி வந்ததும் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி கால் அப்படியே நின்றுவிடுகிறது. சீரான தாளம் ஒன்று காதில் விழுந்தால் அந்தக் கணக்கை மூளை வெளியிலிருந்தே வாங்கிக்கொள்கிறது. அமெரிக்காவில் மைக்கேல் தாவ்ட் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், 3 வாரம் தினமும் அரை மணி நேரம் தாளத்துக்கு நடந்தவர்களின் நடைவேகம் 25 சதவீதம் கூடியது. தாளம் இல்லாமல் அதே பயிற்சியைச் செய்தவர்களுக்கு 7 சதவீதம்தான். 40 பேர்கூட இல்லாத சின்ன ஆய்வுதான், ஆனாலும் அந்த வித்தியாசத்தை என்னால் சாதாரணமாக ஒதுக்க முடியவில்லை.

முதலில் நரம்பியல் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ சொல்லிவிடுங்கள். அடிக்கடி விழுகிறவர் என்றால் அவர்கள் முன்னிலையில்தான் தொடங்க வேண்டும்.

மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரமாகப் பார்த்து, பயிற்சி செய்யப்போகிறவரை வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லி, அரை நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 46 அடி வந்தால் நிமிடத்துக்கு 92. போனில் இலவசமாகக் கிடைக்கும் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டிக் காட்டும்) செயலியில் அந்த எண்ணையே வையுங்கள், ஆசைப்பட்டு ஆரம்பத்திலேயே கூட்டாதீர்கள். உடனே நடக்கவும் வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்தபடி கொஞ்ச நேரம் தொடையில் தட்டட்டும், அப்புறம் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கட்டும், தாளம் பிடிபட்ட பிறகு நடக்கட்டும். ஒரு தட்டுக்கு ஓர் அடி, குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும்.

சரி, பாட்டு? மெட்ரோனோம் சத்தம் சீக்கிரம் அலுத்துவிடும், அதனால் பாட்டு வேண்டும்தான், ஆனால் பிடித்த பாட்டெல்லாம் இதற்கு உதவாது. ஆலாபனைக்கு நடக்க முடியாது, தாளமே இல்லையே. தனி ஆவர்த்தனமும் வேண்டாம், மிருதங்கம் கணக்குப் போட்டு விளையாடும்போது காலுக்குக் குழப்பம்தான் மிஞ்சும். கும்மி, தெம்மாங்கு, பறையடி பளிச்சென்று கேட்கும் கிராமியப் பாட்டு, பழைய சினிமாவின் துள்ளல் பாட்டு, இவற்றில் நீங்கள் கை தட்டினால் அவர் அடியோடு ஒத்துப்போகிற பாட்டாக எடுங்கள். பாட்டின் தட்டு நிமிடத்துக்கு 46 என்றால் ஒரு தட்டுக்கு இரண்டு அடி வைத்தால் போதும். எதுவும் பொருந்தவில்லையா, நீங்களே பக்கத்தில் நடந்துகொண்டு கை தட்டுங்கள், அதுவும் தாளம்தான்.

முதலில் பத்து நிமிடம் போதும், உடம்பு இடம் கொடுத்தால் மெதுவாக அரை மணி வரை போகலாம். ஒரு வாரம் தடுமாறாமல் நடந்தால் வேகத்தை 5 சதவீதம் கூட்டிப் பாருங்கள், அதாவது 92 இருந்தால் 97. ஆனால் கால் உறைந்து நிற்கும் தொல்லை உள்ளவர்களுக்கு வேகம் கூட்டினால் அடி இன்னும் சுருங்கக்கூடும், அவர்களுக்குச் சொந்த வேகமோ அதைவிடச் சற்றுக் குறைவோதான் நல்லது. அடி சுருங்குகிறதா, உடம்பு முன்னால் சாய்கிறதா, உடனே நிறுத்திவிடுங்கள்.

மேடுபள்ளம் இல்லாத கூடமோ மொட்டை மாடியோ போதும், கால்மிதியைச் சுருட்டி வைத்துவிடுங்கள், ஒருவர் கூடவே நடக்க வேண்டும். தெருவில் இயர்போன் கூடவே கூடாது, பின்னால் வரும் வண்டி கேட்காது.

பிரிட்டன், பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றிலும் 153 பேரை வைத்து நடந்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில், தாளம் போன்ற வெளித் தூண்டல்களோடு வீட்டில் 3 வாரம் பயிற்சி செய்தவர்களுக்கு நடை ஓரளவு மேம்பட்டது, விட்ட 6 வாரத்தில் அந்தப் பலன் பெருமளவு குறைந்துபோனது. அதனால் நடை சரியாகிவிட்டது என்று நிறுத்தாதீர்கள், மாத்திரை அளவு மாறும்போதெல்லாம் அடியை மறுபடி எண்ணி, தாளத்தைத் திருத்தி வைத்துத் தொடருங்கள்.