வீங்கின கைக்கு ஒத்தடம் குடுக்காதீங்க: லிம்ஃபெடிமால நாங்க பண்ணின தப்புகள்

கோத்தகிரி பக்கம் நவம்பர் மழைல துணி மூணு நாளானாலும் காயாது. அம்மாவுக்கு மார்பக கேன்சர் ஆபரேஷன்ல அக்குள்ல இருந்த நிணநீர் முடிச்சையும் எடுத்தாங்க, அது வழியா வடிய வேண்டிய நீர் தேங்கி இடது கை வீங்க ஆரம்பிச்சுது, இதைத்தான் லிம்ஃபெடிமான்னு சொல்றாங்க. அதுக்குப் போடற இறுக்கமான ஸ்லீவை நான் துவைச்சு அடுப்புக்கு மேல கொடில போட்டேன், காஞ்சுது, ஆனா எலாஸ்டிக் போயிருச்சு, மறுநாள் அம்மா கைல பழைய ரவிக்கை கை மாதிரி தொளதொளன்னு தொங்குது. ரெண்டு வாங்கி மாத்தி மாத்திப் போடுங்க, துண்டுல சுருட்டி ஈரத்தை எடுத்துட்டு நிழல்ல காய வைங்க. ஆறு மாசத்துல எப்படியும் புதுசு வாங்கணும்.

அடுத்த தப்பு சூடு. குளிருக்கு இதமா இருக்குன்னு வீங்கின கைக்கு ஒத்தடம், சுடுதண்ணி, கணப்புல காட்டறதுன்னு பண்ணுவோம். சூடு பட்டா ரத்த ஓட்டம் கூடும், நீரும் கூட ஊறும், வடியற வழிதான் ஏற்கனவே போயிருச்சே. நீலகிரித் தைலத்தைப் போட்டு அழுத்தித் தேய்க்கறதும் வேண்டாம், தெரபிஸ்ட் பண்ற மசாஜ் தோலை லேசா நகர்த்தற மாதிரிதான் இருக்கும், பாத்தா இதுக்கா காசுன்னு தோணும்.

ரொம்ப முக்கியமானது இதுதான். தேயிலை எடுக்கப் போறவங்களுக்கு செடி கீறும், காலு வீக்கம் இருந்தா அட்டையும் கடிக்கும். சின்னக் காயம்தானேன்னு விட்டா கிருமி உள்ள போயிரும். கை சிவந்து சுடும், உடம்பு நடுங்கும், நம்ம ஊர்ல நடுங்கினா குளிர்னு கம்பளிய போத்தி பாராசிட்டமால் குடுத்துப் படுக்க வெச்சுருவோம், எங்க வீட்லயும் ஒரு ராத்திரி அப்படித்தான் போச்சு. அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும், ஆன்டிபயாடிக் தேவைப்படும். காயத்தை உடனே சோப்பு போட்டுக் கழுவுங்க, தோல் வெடிக்காம தினமும் க்ரீம் தடவுங்க.

மெடிக்கல்ல நீர் மாத்திரை (ஒண்ணுக்கு அதிகமா போக வைக்கறது) கேட்டு வாங்காதீங்க, தேங்கின நீர்ல புரதம் இருக்கு, மாத்திரை போட்டாலும் அந்தப் புரதம் அப்படியே நிக்கும். கைய அசைக்காம வெச்சிருக்கறதும் தப்புதான், 2009ல அமெரிக்கால 141 பெண்களை வெச்சுப் பாத்த ஆய்வுல, மேற்பார்வையோட கொஞ்சம் கொஞ்சமா வெயிட் தூக்கினதால வீக்கம் கூடல. பிபி, ஊசி எல்லாம் முடிஞ்ச வரை மறு கைல.

அம்மா இன்னமும் ராத்திரி ஹாட் வாட்டர் பேக் கேப்பாங்க, கால்மாட்டுல மட்டும் வெச்சுக் குடுப்பேன்.