விஸ்காம் படிக்கிறீர்களா? முதலில் ஒரு ஹெட்போன் வாங்குங்கள்

பிப்ரவரி, மார்ச் வந்தால் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்), ஜர்னலிசம் இறுதியாண்டுப் பிள்ளைகள் ப்ராஜெக்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கேமரா வருடத்துக்கு வருடம் மாறுகிறது, சொதப்பல் மட்டும் மாறவில்லை. நாங்கள் டேப்பில் செய்ததை இவர்கள் மெமரி கார்டில் செய்கிறார்கள். பேட்டரியை சார்ஜ் போடு, லென்ஸைத் துடை என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. ஒருமுறை பட்டால் தானாக வந்துவிடும்.

ஹெட்போன் போடாமல் பேட்டி எடுப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் தீராத விஷயம் இதுதான். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் எடிட்டில் தேற்றிவிடலாம். கேமரா ஆடினால் மேலே வேறு ஷாட்டைப் போட்டு மூடலாம். குரல் போனால் பேட்டியே போச்சு.

ஒரு குழு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றி ஆவணப்படம் எடுத்து வந்தது. விடியற்காலை ஏலம், ஐஸ் உடைப்பது, வலை சரிபார்ப்பது என்று காட்சிகள் பிரமாதம். நடுவில் விசைப்படகில் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீடு எப்படி ஓடுகிறது என்று பேசுகிறார். கை ஆட்டி ஆட்டி, கண் கலங்கிப் பேசுகிறார். காதில் விழுவது இன்ஜின் சத்தமும் காற்றும்தான். சட்டையில் குத்தும் லேப்பல் மைக் அதன் இடத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் அதன் வயர் கேமராவில் முழுதாகச் சொருகப்படவில்லை, அதனால் கேமராவின் சொந்த மைக்கே எல்லாவற்றையும் பதிவு செய்திருக்கிறது. சத்த அளவைக் காட்டும் லெவல் மீட்டர் ஆடியதைப் பார்த்து நம்பிவிட்டார்கள். ஏதோ சத்தம் வருகிறது என்பது வரைக்கும்தான் மீட்டருக்குத் தெரியும்.

மறுபடி போனார்கள். “அதான் அன்னைக்கே எல்லாம் சொல்லிட்டேனேப்பா” என்று ஆரம்பித்தவர், முதலில் சொன்னதில் பாதிகூடச் சொல்லவில்லை.

“ஏஐ வைத்து க்ளீன் பண்ணிடலாம் சார்” என்று இப்போது ஒரு பதில் கிளம்பியிருக்கிறது. ஃபேன் இரைச்சல் மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்தை ஓரளவு எடுக்கலாம், சரி. குரலுக்கு மேலேயே ஏறி நிற்கும் இன்ஜினை எடுத்தால், மிச்சமிருக்கும் குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். லெவல் மீட்டரின் உச்சமான 0 டெசிபலைத் தொட்டுக் குரல் வெடித்துவிட்டால் அதுவும் மிஞ்சாது.

அதனால், ரெக்கார்ட் பட்டனை அமுக்குவதற்கு முன் ஹெட்போன் போடுங்கள், பேட்டி முடியும்வரை கழற்றாதீர்கள். லேப்பல் மைக்கை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று காதில் கேட்டால்தான் அந்த மைக் வேலை செய்கிறது. சத்த அளவைக் கேமராவே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ லெவலை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேசுபவர் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்திலெல்லாம் பின்னணி இரைச்சல் பொங்கி மேலே வரும். உரத்த குரல் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நின்றால் போதும். மைக் தாடைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும், தாலிச் சங்கிலியும் பட்டுப்புடவை மடிப்பும் அதில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் என்றால் ஃபேனை நிறுத்தச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். கிளம்பும் முன் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். எடிட்டில் பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களை நிரப்ப அதுதான் உதவும்.

டியூப்லைட் துடிப்பு

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவில் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். படத்தில் தெரியும் துடிப்பு பெரும்பாலும் போய்விடும்.

ஒரே கார்டு

எடுத்ததை அன்றைக்கே இரண்டு இடத்தில் காப்பி. அப்புறம்தான் கார்டை அழிக்கும் ஃபார்மட்.

ட்ரோன் ஷாட்டில் தொடங்குவது

வேண்டாம்.

முகத்தை மட்டும் மறைப்பது

பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையைப் பற்றிய செய்தியில் முகத்தை ப்ளர் செய்துவிட்டு, அம்மாவின் பேட்டியையும் தெரு முனையையும் பள்ளிச் சீருடையையும் காட்டுகிறார்கள். அந்தப் பகுதி ஆட்களுக்கு வேறென்ன வேண்டும்? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயர், முகவரி, புகைப்படம் மட்டுமல்ல, குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளம் தெரியவைக்கும் எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது. வகுப்புக்காக எடுத்தது என்று சொல்லி யூடியூபில் ஏற்றினாலும் அது வெளியிட்டதுதான்.

ஆர்டிஐ மனுவைக் கடைசியில் போடுவது

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. பதில் வராமல் மேல்முறையீட்டுக்குப் போனால் இன்னொரு 30 நாள், சில சமயம் 45. மார்ச்சில் கொடுக்க வேண்டிய ப்ராஜெக்ட்டுக்கு பிப்ரவரியில் மனு போடுகிறவர்களை என்ன சொல்வது! தலைப்பு முடிவான வாரமே போடுங்கள், கட்டணம் 10 ரூபாய்தான். மனுவில் ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்காதீர்கள், விளக்கம் தருவது தங்கள் வேலையில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எத்தனை, எந்தத் தேதியில், எந்த உத்தரவுப்படி என்று கேட்டு, அந்த உத்தரவின் நகலையும் கேளுங்கள்.